சீமான் வாங்கிய கோட்டை

பன்னிரண்டு படங்களை விற்கக் கிளம்பி, முடிவில் ஒரு கோட்டையே கைமாறிய கதை இது. நடந்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் நிலக்கரிச் சீமையிலே உள்ள பிஷப் ஆக்லாந்து என்னும் ஊர். ஊரின் பெயரிலேயே பிஷப் இருக்கிறார். ஊர் ஓரத்திலே அவர் வாழ்ந்த அரண்மனை இருக்கிறது. ஆக்லாந்து கோட்டை என்கிறார்கள்.

அந்நாளைய டர்ஹாம் பிஷப், பூசை முடித்துப் போகும் குருவானவர் அல்லர். தனிப் படை, தனி நீதிமன்றம், தனி நாணயம்! ஒரு கையிலே வேதம், மறு கையிலே வாள் என்றிருந்த சிற்றரசர். 1836-ல்தான் அந்த அரசுரிமை மகுடத்துக்குப் போயிற்று. அதிகாரம் போயிற்றே தவிர, ஆஸ்தி போகவில்லை. திருச்சபை நிலத்துக்கு அடியிலிருந்து வெட்டி எடுத்த கரிக்கு, டன் கணக்கிலே ராயல்டி! விளக்கோடு குழியில் இறங்கி, நெஞ்செல்லாம் தூசி நிரப்பிக்கொண்டு வெட்டியவன் தொழிலாளி. மண்வெட்டியைத் தொடாமலே பங்கு வாங்கியது திருச்சபை. 1938-ல் சட்டம் வந்த பிறகே அந்த உரிமை சர்க்கார் வசம் போயிற்று. அதற்கும் நஷ்டஈடு தந்துதான்!

அந்த மண்டபத்துக்குத் தொழிலாளியும் ஒரு முறை போனான். 1892-ல் கூலியைக் குறைக்கிறோம் என்று முதலாளிகள் சொல்ல, டர்ஹாம் சுரங்கங்கள் ஏறக்குறைய மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்தன. அடுப்பெரியாத வீடுகள், அழுத குழந்தைகள். ஜூன் 1-ந் தேதி பிஷப் வெஸ்ட்காட் இரு தரப்பாரையும் கோட்டைக்கு அழைத்துச் சமரசம் செய்து வைத்தார். நல்ல மனிதர்தான், ஐயமில்லை. ஆனால் சமரசத்தின் சாரம் என்ன? நூற்றுக்குப் பத்து கூலி வெட்டு! முதலாளி கேட்டது இன்னும் அதிகமாம். ஆகவே இதுவே கருணையாம்!

அந்த வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு படக் கதைக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டு ஓவியர் சுர்பரான் தீட்டியவை அவை. யாக்கோபும் அவர் பிள்ளைகள் பன்னிருவரும், ஆளுக்கொரு படம். பிஷப் டிரெவர் 1756-ல் பன்னிரண்டை வாங்கினார். பெஞ்சமின் படம் மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட, அதற்கு ஒரு நகல் எழுதச் செய்தார். யூதர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1753-ல் வந்து, எதிர்ப்புக்கு அஞ்சி உடனே திரும்பப் பெறப்பட்டிருந்த காலம் அது. அச்சட்டத்தை ஆதரித்தவர் டிரெவர். யூதர் குலத்து முன்னோர்களைத் தமது விருந்து மண்டபத்திலே, விருந்தாளிகள் முகத்துக்கு நேரே மாட்டி வைத்தார். அதற்காக அவரைப் பாராட்டவே செய்கிறோம்.

இந்தப் படங்களை விற்றுக் காசாக்கத் திருச்சபையின் சொத்துக் கமிஷனர்கள் முனைந்தபோது, லண்டனில் முதலீட்டுத் தொழிலில் பெரும்பொருள் சேர்த்த ஜோனதன் ரஃபர் முன்வந்தார். 1 கோடியே 50 இலட்சம் பவுன் தருகிறேன், படங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு 2012-ல் கோட்டையே அவர் பொறுப்புக்கு வந்தது. ஊரிலேயே குடியும் ஏறினார். அறக்கட்டளை அமைத்து, கோட்டையைப் புதுப்பித்து, சந்தைத் திடலைச் சுற்றிக் கலைக்கூடங்கள் எழுப்பினார். 2017-ல் சுரங்க ஓவியக் கூடம், 2021-ல் ஸ்பானிய ஓவியக் கூடம், 2023-ல் சமய அருங்காட்சியகம். பணத்தைப் பூட்டி வைத்துப் பூதம் காக்கும் சீமான்களின் நடுவே, இவர் செய்தது பெரிய காரியம். மறுப்பவன் மனசாட்சி இல்லாதவன்.

ஆனால் தோழர்களே, ஒரு கணக்கையும் பாருங்கள். திருப்பணியிலே லாட்டரி நிதியும் சேர்ந்திருக்கிறது. வாரக் கூலியிலே சீட்டு வாங்கிய ஏழையின் காசும் அந்தக் கூரையிலே ஏறியிருக்கிறது! 2016-ல் தொடங்கிய ‘கின்ரென்’ என்னும் திறந்தவெளி நாடகத்திலே, சம்பளம் வாங்காமல் ஆடிப் பாடி விளக்குப் பிடித்தவர்கள் அந்த வட்டாரத்து மக்கள், ஆயிரம் பேர் அளவில்! வள்ளல் பெயர் கல்வெட்டில், இவர்கள் பெயர்?

புதுப்பித்த கோட்டைக் கதவு திறந்தது 2019 நவம்பரில். அடுத்த மாதமே பொதுத் தேர்தல். 1935 முதல் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த அந்தத் தொகுதி, வரலாற்றிலே முதன்முறையாகக் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயிற்று. பிரெக்சிட் அலை என்றார்கள். அலை அடித்தது உண்மை. ஆனால் கரையை அரித்தது யார்? 2024-ல் தொகுதி திரும்பிவிட்டது என்று தொழிற்கட்சித் தோழர்கள் மகிழலாம். நாம் சொல்வது, 1951-ஐ அவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதே.

அந்த ஆண்டிலேதான் டர்ஹாம் மாவட்டக் கவுன்சில், தொழிற்கட்சியின் கவுன்சில், ஒரு திட்டம் தீட்டியது. கரி தீர்ந்துபோகும் ஊர்களுக்கு இனிப் பணம் போடுவது வீண் என்று சொல்லி, நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களை ‘டி’ பிரிவு என்று குறித்தது. புது வீடு கூடாது. இருக்கிற வீடு விழுந்தால் விழட்டும்! சாகவேண்டிய ஊர் என்று காகிதத்திலே எழுதிவிட்டார்கள். குடியிருந்தவனைக் கேட்டார்களா? ஏறக்குறைய கால் நூற்றாண்டு சென்றபின், 1977-ல்தான் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். அதற்குள் எத்தனை தெரு தரைமட்டம்!

ஒரு பக்கம், வாழவேண்டியது கோட்டை என்று ஒரு சீமான் தீர்மானிக்கிறார். இன்னொரு பக்கம், சாகவேண்டியது கிராமம் என்று ஒரு கவுன்சில் தீர்மானித்தது. முன்னதிலே அன்பு இருந்தது, பின்னதிலே அலட்சியம். இரண்டிலும் தீர்மானிக்கும் நாற்காலியிலே சுரங்கத் தொழிலாளி இல்லை! நாளைக்கு அறக்கட்டளையின் பணப்பை சுருங்கினால், டிக்கெட் கொடுக்கிற பெண்ணும் தேநீர் ஊற்றுகிற பையனும் எந்தத் தொகுதி உறுப்பினரை, எந்த வாக்குச் சீட்டைக் கொண்டு கேட்பார்கள்? கூடங்களை நிலைநிறுத்தும் நிர்வாகத்திலே ஊராருக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடம் வேண்டும் என்று இப்போதே கேட்கவேண்டும். வள்ளல் நல்லவராக இருக்கும்போதே கேட்பதுதான் எளிது.

பிஷப் ஆக்லாந்துக்குப் பக்கத்திலே விட்டன் பார்க் என்றொரு கிராமம். ‘டி’ என்று முத்திரை குத்தப்பட்டவற்றிலே அதுவும் ஒன்று. அங்கே 1926-ல் பிறந்த டாம் மக்கினஸ், போர்க்காலத்திலே கட்டாய ஆணையால் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர். கரி வெட்டிக்கொண்டே ஓவியம் கற்றார். இருட்டையும் வளைந்த முதுகுகளையும் தீட்டினார். சந்தைத் திடலிலே, முன்பு வங்கியாக இருந்த கட்டிடத்திலே, அவர் படங்கள் இன்று சுவரில் தொங்குகின்றன.