கதவைத் திறந்தது நான்தான்

சில விஷயங்கள் தேடி அலைந்தால் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பறவை.

வட இங்கிலாந்தில், டர்ஹம் நகரில் நாங்கள் குடியிருந்த சமயம். பிளாக் கிரவுஸ் என்ற பறவையின் படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கோழி இனம்தான். நம் வீட்டுக் கோழி அளவுதான் இருக்கும். ஆனால் சேவலின் அலங்காரம் இருக்கிறதே! நீலம் மின்னும் கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே ரத்தச் சிவப்பில் சதைப் புருவம், யாழ் போல இரண்டு பக்கமும் வளைந்த வால். ஸ்காட்லாந்து ராணுவ வீரர்களின் தொப்பியில் கறுப்பு இறகுக் கொத்து பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சேவலின் வால்தான்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தெற்குப் பகுதிகளிலும் இது நிறைய இருந்தது. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1789-ல் வெளியிட்ட புத்தகத்தில், பறக்கும் பறவையைச் சுடும் பழக்கம் பரவிய பிறகு தன் ஊர்க் காட்டில் இது இல்லாமலே போய்விட்டதை எழுதியிருக்கிறார். இன்று இங்கிலாந்தில் இதைப் பார்க்க வேண்டும் என்றால் வடக்கே பென்னைன் மலைப்பக்கம்தான் போக வேண்டும். 1998-ல் எண்ணியபோது நாடு முழுக்க இருந்த சேவல்கள் 773.

டர்ஹமிலிருந்து அந்த மலை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம்தானே என்று ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம். மரமில்லாத மேட்டு நிலம். கண்ணுக்கெட்டிய வரை ஊதாப் பூ பூத்த ஹெதர் புதர். நாள் முழுக்க நடந்தோம். காலடியிலிருந்து படபடவென்று ஒன்று கிளம்பியது. நெஞ்சு நின்றேபோனது. பார்த்தால் ரெட் கிரவுஸ், ஒன்றுவிட்ட தம்பி. என் கணவர், “இதுவும் கிரவுஸ்தானே, கணக்கில் எழுதிக்கோயேன்” என்றார். முறைத்தேன்.

திரும்பும்போது மிடில்டன்-இன்-டீஸ்டேல் என்ற சிற்றூரில் டீ குடிக்க நின்றோம். அந்தப் பக்கத்தில் யாரையும் ‘பெட்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ‘கண்ணு’ மாதிரி. கடைக்காரப் பாட்டி சிரித்தார். “ஆகஸ்டில் சேவலுக்கு இறகு உதிரும் காலம், கண்ணு. வெளியே தலைகாட்டாது. ஏப்ரலில் வா. விடியும் முன்னே வா. காரை விட்டு மட்டும் இறங்காதே.”

ஏப்ரல் கடைசி வாரம் போனோம். லாங்டன் பெக் என்ற குக்கிராமம். அதிகாலை நாலரை மணி. சாலையோரம் காரை நிறுத்தி விளக்கை அணைத்தோம். கொஞ்சம் தள்ளி இன்னொரு காரும் நின்றது. குளிர் எலும்பைத் தொட்டது.

முதலில் சத்தம்தான் வந்தது. நூறு புறா ஒன்றாகக் குமுறுகிற மாதிரி. நடுநடுவே, குக்கர் விசில் போடும் முன் சீறுமே, அப்படி ஒரு சீறல். வெளிச்சம் பரவப் பரவ, புல்வெளியில் வெள்ளை வெள்ளையாய் அசைந்தது. கறுப்பு வாலை விரித்து, அடியிலிருக்கும் வெள்ளை இறகைக் காட்டி, பன்னிரண்டு சேவல்கள்! ஒன்றை ஒன்று எதிர்த்து ஓடுவதும், துள்ளுவதும், பின்வாங்குவதுமாக ஒரே அமர்க்களம். இதற்கு ‘லெக்’ என்று பெயர். வருடா வருடம் அதே இடம். ஒவ்வொரு சேவலுக்கும் அதில் ஒரு துண்டு நிலம்.

அப்போது பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை வந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை சேவல்களும் அதற்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தன. பெண் பார்க்கும் படலம் தலைகீழாக நடக்கிறது: இங்கே தேர்ந்தெடுப்பது பெண்.

எங்கள் மூச்சுக்காற்றில் கார்க் கண்ணாடி பனித்துவிட்டது. துடைத்தேன், மறுபடி பனித்தது. ஒரே ஒரு போட்டோ. மெதுவாகக் கதவை ஒரு சாண் திறந்தேன்.

அவ்வளவுதான். பன்னிரண்டும் எழும்பின. பெட்டையும்.

பக்கத்துக் காரில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகுதான் விஷயங்களைப் படித்தேன். பெட்டை இந்தக் களத்துக்கு வருவது வருடத்தில் சில காலைகள் மட்டுமே. அதன்பின் முட்டை, அடைகாத்தல், குஞ்சு வளர்ப்பு எல்லாம் அது தனியாளாகச் செய்வது. கூடு வெறுந்தரையில். குஞ்சுகளுக்குப் புழு பூச்சி வேண்டும். ஜூனில் மழையும் குளிரும் சேர்ந்தால் பெரும்பாலானவை பிழைக்காது. இத்தனைக்கும் நடுவில் கிடைத்த ஒரு காலையை நான் கெடுத்திருக்கிறேன்.

சட்டப்படி இன்னமும் ஆகஸ்ட் 20 முதல் டிசம்பர் 10 வரை இதைச் சுடலாம். ஆனால் அந்த மலைப்பக்கத்து எஸ்டேட்காரர்கள் தாங்களாகவே சுடுவதை நிறுத்திவிட்டார்கள். விவசாயிகள் ஆடுகளைக் குறைத்துப் புல்லை உயரமாய் வளர விட்டார்கள். கடும்பனியில் மொட்டுகளைத் தின்று பிழைக்கட்டும் என்று ஆங்காங்கே மரக்கன்றுகள் நட்டார்கள். மோதிச் சாகாமலிருக்கக் கம்பிவேலிகளில் அடையாளம் கட்டினார்கள். ரெட் கிரவுஸ் வேட்டைக்காக நரியையும் காக்கையையும் விரட்டும் காவலர்களின் நிலத்தை ஒட்டித்தான் இதுவும் பெரும்பாலும் வாழ்கிறது. துப்பாக்கியால் குறைந்த பறவை, துப்பாக்கிக்காரர்களின் வேலியோரம் பிழைத்துக் கிடக்கிறது! 2014-ல் சேவல்களின் எண்ணிக்கை 1,437.

அடுத்த ஏப்ரலில் மறுபடி போனோம். கண்ணாடியை முதலிலேயே இரண்டு விரல் இறக்கி வைத்து, போர்வைக்குள் உட்கார்ந்தோம். பெட்டை வந்தது. நடுவில் நின்ற சேவலிடம் போனது. ஏழரை மணிக்கு எல்லாம் தாமாகப் பறந்துபோன பிறகுதான் காரைக் கிளப்பினோம். என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், இருட்டிலேயே போய்விடுங்கள். காரை விட்டு இறங்காதீர்கள். பறவைகள் போன பிறகு கிளம்புங்கள். காபி ஃபிளாஸ்க்கை மட்டும் மறக்காமல் முன் சீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வைத்தால் கதவைத் திறக்கத் தோன்றும்!