மூழ்கும் பயிற்சியும் உயிர்ப் பாதுகாப்பும்

காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் சுமந்து கடலுள் இறங்கும் ஸ்கூபா வித்தை நமது தேசத்தில் பரவி வருகிறது. அந்தமானிலும், கர்நாடகத்து நேத்ராணித் தீவிலும், புதுச்சேரியிலும் இதனைக் கற்பிக்கின்றனர். வாலிபர்கள் சாகஸத்தில் நாட்டங்கொள்வதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கற்கச் சென்றவர் உயிருடன் கரை சேர வேண்டுமென்பது அனைத்திற்கும் முந்திய நிபந்தனையாகும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோருக்கு மூச்சடக்குவதே திறமை. தோணியில் இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவை அடையும். ஸ்கூபாவில் நிலைமை நேர்மாறானது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் இருமடங்கு. அங்கே சுவாசித்த காற்றை அடக்கிக்கொண்டு மேலேறினால் அது இருமடங்காக விரிய முயலும்; நுரையீரல் கிழியும்; காற்றுக் குமிழிகள் இரத்தத்திற் கலந்து மூளையைத் தாக்கும். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வருகையிலோ விரிவு ஒன்றரை மடங்கே. ஆகவே, “ஆழமில்லாத இடந்தானே” என்று ஆறுதல் கூறுவது அறியாமை. புதியவர்கள் பழகும் அந்த முதற் பத்து மீட்டரிலேதான் மாறுதல் மிக அதிகம்.

பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மனித சுபாவம். அச்சுபாவத்தை மாற்றுவதே பயிற்சியின் சாரம். அரைமணி நேர விரிவுரையால் அது கைகூடாது. முகமூடியில் நீர் புகுந்தாலும், வாயிலிருந்து குழல் நழுவினாலும் கலங்காதிருக்க, நீச்சற் குளத்தில் பன்முறை பழக வேண்டும். கடலில் ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீர் கலங்கியிருந்தால் மாணாக்கர் தொகையைக் குறைக்க வேண்டும்.

அறிவுக்குப் பஞ்சமில்லை. படிப்படியாக மேலேறுவதற்குரிய அட்டவணைகளை ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1908-இலேயே வெளியிட்டார். பஞ்சம் பொறுமைக்கே. கட்டணம் செலுத்தியாயிற்று, நாளை ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில், ஆஸ்துமா இருப்பவரும் படிவத்தில் “இல்லை” என்று எழுதுகிறார். அலை மிகுந்த தினத்திலும் படகு புறப்படுகிறது.

“இன்று வேண்டாம்” என்று சொல்லும் ஆசிரியர் தமது ஊதியத்தை இழக்கலாகாது. மாணாக்கரும் கட்டணத்தை இழக்கலாகாது. இவ்விரண்டையும் சர்க்கார் விதியாக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் பிராணவாயுவும், அதனைச் செலுத்தத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். நேர்ந்த விபத்துக்களை மட்டுமன்றி, மயிரிழையில் தப்பியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். கடல் யாருக்கும் தாட்சணியம் காட்டாது. கற்பிப்போரும் விதிகளைக் காப்பதில் தாட்சணியம் காட்டலாகாது.