சேறும் செல்வமே

மழை பெய்து ஓய்ந்த மாலையில் தோட்டத்துத் திடலில் பந்து விளையாட முடியாது. ஆனால், அதே திடல் அவ்வேளையில் வேறு விருந்தினருக்குப் பந்தி விரிக்கிறது. ஈரம் ஊறியதும் மண்புழுக்கள் மேலே வருகின்றன. அவற்றைத் தேடிப் பொன்னிற உப்புக்கொத்திகள் புல்தரையில் இறங்குகின்றன. கடல்நீர் ஏறிக் கரையோரச் சேறு மூழ்கும்போது, கரைப்பறவைகள் பலவும் இத்தகைய திறந்த வெளிகளில் ஒதுங்கி நிற்கும். நீர் வற்றியதும் சேற்றுக்குத் திரும்பிவிடும்.

பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரிக்கும் பறவை. குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் இத்தகைய பறவைகளின் வான்வழி, 20க்கும் மேற்பட்ட நாடுகளைக் கடந்து ஆஸ்திரேலியா வரை நீள்கிறது. அவ்வழியில் மலேசியாவும் இருக்கிறது. கரைப்பறவைகளின் ஆற்றல் வியப்புக்குரியது. 2022ஆம் ஆண்டு பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவிற்கு ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இடைவிடாது பறந்து கடந்தது. இவ்வாறு பறக்க உடலில் கொழுப்பு வேண்டும். அதனைப் பல பறவைகளுக்கு அளிப்பது கரையோரச் சேறுதான்.

மலாக்காவில் அந்தக் கரை தொடர்ந்து இடம் மாறி வருகிறது. ஒரு காலத்தில் கடலருகே நின்ற ஆ ஃபமோசா கோட்டைவாயிலுக்கும் இன்றைய கடலுக்கும் நடுவே கடைவீதிகளே உள்ளன. கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம் வீடும் வேலையும் தந்தது, இதை மறுப்பதற்கில்லை. எனினும், சேற்றின்மேல் மணலைக் கொட்டினால் அங்கே வாழும் புழுவும் நண்டும் மடியும்; அவற்றை நம்பி வரும் பறவையும் பட்டினி கிடக்கும்.

“பறவை பார்ப்பது வீண்பொழுது” என்பார் சிலர். அது சரியன்று. எண்ணப்படாத பறவை மறைந்துபோனாலும் எவருக்கும் தெரியாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுவது இதற்காகவே. பள்ளிகளும் இப்பணியைச் செய்யலாம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, மழை நன்கு விட்டபின், மாணவர்கள் ஆசிரியரோடு திடலுக்கோ கரைக்கோ செல்லட்டும். நாள், நேரம், நீர்மட்டம், பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கட்டும். மழைக்குப்பின் ஆற்று முகத்துவாரத்தில் நீரோட்டம் வலுத்திருக்கும். அதனருகே இறங்கக் கூடாது.

நாளை ஒரு கரையைத் தூர்க்கத் திட்டம் வரையப்படும்போது, “அங்கே வெறும் சேறுதானே?” என்ற கேள்வி எழும். அப்போது விடை சொல்ல மாணவர்களின் குறிப்பேடு இருக்க வேண்டும்.