போறணையின் கதவைத் திறந்து வையுங்கள்

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இந்நாட்டுக் குசினிகளிலே எரிவாயு அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததை நாம் மறந்துவிடவில்லை. அடுப்பின் கண்ணாடித் தட்டுகள் சிதறின, வீடுகள் தீப்பற்றின, உயிர்களும் போயின. அன்று முதற் குற்றம் யார்மீது சாட்டப்பட்டது? அடுப்படியில் நின்ற பெண்மீது! குழாய் பழையது, றெகுலேற்றர் பழுது, அவளுக்குப் பாவிக்கத் தெரியாது என்றார்கள். பின்னர் அரசு அமைத்த நிபுணர் குழுவே, சிலிண்டருள் அடைக்கப்பட்ட வாயுவின் கலவை மாற்றப்பட்டமையை முதன்மைக் காரணமாகக் கண்டது. புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது. 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. நேற்றுவரை தாங்கிய இணைப்பு இன்று கசிந்ததில் வியப்பென்ன?

விற்றவரின் பிழை விற்றவருடையதே. அதனை எந்நாளும் சொல்வோம். ஆயினும், அதைச் சொல்லிவிட்டு நம் குசினியை நாம் பாராமல் இருக்கலாமா? இன்று பலர் வெறும் அடுப்போடு நிற்கவில்லை. நத்தார் கேக்குக்காகவும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்காகவும் வாயுப் போறணை வாங்குகிறார்கள். அடுப்பு திறந்த வெளியில் எரிவது. போறணையோ மூடிய பெட்டி. இவ்வேறுபாட்டை உணராதவருக்கு அது அடுப்பினும் பன்மடங்கு ஆபத்தானது.

நம் பழக்கமெல்லாம் விறகடுப்பிலே பிறந்தது. புகை மேலே போகும். ஆகையால் நம் முன்னோர் கூரைக்கருகே புகைக்கூடு வைத்தார்கள். பிழையென்றால் கண் எரியும், இருமல் வரும். விறகு தானே எச்சரிக்கும். சிலிண்டர் வாயுவின் இயல்பு நேர்மாறு. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியும், மூலையிலும் வாங்கின் கீழும் தேங்கி நிற்கும். மேலே யன்னல் திறந்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. நிலமட்டத்தில் வழி வேண்டும். புது வீடு கட்டுவோர் குசினிக் கதவின் அடியிலோ சுவரின் அடியிலோ ஒரு காற்றுத் துவாரம் விடும்படி மேசனிடம் சொல்லவேண்டும். செலவு சொற்பமே.

இனிப் போறணையை மூட்டும் முறைக்கு வருவோம். வீட்டுப் போறணையின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 60 லீற்றர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாயு கலந்தாலே அது வெடிக்கும் கலவையாகிவிடும். அப்படியாயின் அப்பெட்டிக்கு வேண்டியது ஒன்றேகால் லீற்றர் வாயு. திரவமாகக் கணக்கிட்டால் ஒரு தேக்கரண்டி! மூடிய கதவுக்குள்ளே குமிழைத் திருப்பிவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடும் ஒரு நிமிடமே அதற்குப் போதும். பிறகு குச்சியைக் கிழித்துக்கொண்டு கதவைத் திறப்பவரின் முகம் என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின் ஒழுங்கு இதுதான்: முதலில் கதவை முழுவதும் திறவுங்கள். கையால் மூட்டும் போறணையாயின் அடுத்தது நெருப்பு. குச்சியை எரித்து மூட்டும் துவாரத்தருகே பிடித்த பின்னரே வாயுவைத் திறக்கவேண்டும். முகத்தை வாயிலுக்கு நேரே வையாமல் ஒருபுறம் விலகி நில்லுங்கள். சில விநாடிகளில் பற்றாவிட்டால் வாயுவை நிறுத்தி, கதவைத் திறந்தபடியே ஐந்து நிமிடமாவது பொறுங்கள். “இன்னொரு முறை பார்ப்போம்” என்று உடனே மறுகுச்சி கிழிப்பதே பெரும்பாலும் வினையாகிறது. புதிய போறணைகளில் சுடர் அணைந்தால் வாயுவைத் தானே மறிக்கும் கருவியொன்று உண்டு. அது சூடேறும் வரை குமிழைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடிக்கவேண்டும். இதை அறியாதார் போறணை பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதும் உண்டு. சுடர் எரிகுழாய் முழுவதும் ஓடியதைக் கண்ணால் கண்ட பின்பே கதவை மூடுங்கள். மூடும்போது அறைந்து மூடாதீர்கள், அணைந்துவிடும்.

சுடர் நீலமாக இருக்கவேண்டும். மஞ்சளாகி, தட்டில் கரி படிந்தால் காற்றுப் போதவில்லை என்பது பொருள். அப்போது காபன் மொனொக்சைட்டு என்னும் நஞ்சு பிறக்கிறது. அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கேக் நன்றாக வேகட்டும் என்று கதவு யன்னல்களை அடைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அதனருகே இருப்பவர் தலையிடிக்கு வெயிலைக் குறை சொல்வார். போறணையின் அடித்தட்டை அலுமினியத் தாளால் மூடுவதும் இதே பிழைதான். சுத்தம் என்று எண்ணிக் காற்றின் வழியை அடைக்கிறோம்.

குழாயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். போறணையின் பின்புறம் சூடேறும்; இறப்பர்க் குழாய் அதில் முட்டக்கூடாது. கசிவைச் சவர்க்கார நுரையால் பாருங்கள், நெருப்புக்குச்சியால் அன்று. வாயு மணத்தால் மின் ஆளியைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சிலிண்டரைப் பூட்டிக் கதவுகளைத் திறந்து வெளியே வாருங்கள். கடைசிச் சொட்டையும் விடேன் என்று சிலிண்டரைப் படுக்கவைத்து எரிப்பது சிக்கனமன்று; திரவமே குழாயில் ஏறிவிடும்.

இவையெல்லாம் போறணையோடு வரும் கைநூலில் எழுதப்பட்டவையே. ஆனால் எந்த மொழியில்? தமிழில் அமைந்த கைநூலை நாம் கண்டது மிக அரிது. 1987இல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. தீப்பிடிக்கும் பொருளை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அதன் எச்சரிக்கையை அவர் வாசிக்கக்கூடிய மொழியில் கொடுப்பது உபகாரமா, கடமையா? வாசிக்க முடியாத தாளைக் கொடுத்துவிட்டு, விபத்தின் பின் “அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை” என்று கூறுவதை நாம் ஏற்கமுடியாது. பண்டகசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தமிழ்க் கைநூல் இல்லாத போறணையைக் கொள்வனவு செய்ய மறுக்கட்டும். இறக்குமதியாளருக்கு ஒரு மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுவார்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போறணையைக் கொண்டுவந்து பூட்டும் ஆள் கூலியை வாங்கிக்கொண்டு புறப்படுமுன், வீட்டில் சமைப்பவர் எவரோ அவரை அழைத்து, அவர் கையாலேயே இருமுறை மூட்டி அணைக்கச் செய்யுங்கள். அவர் மூட்டிப் பழகிய பின்பே கூலியைக் கொடுங்கள்.