முதல் டிகாஷனும் பேய்ப் படமும்

"பொம்பளைக்கு எதுக்கு ராத்திரி பத்து மணிக்குக் காபியும் பேய்ப் படமும்?" கணவர், மாமியார், ஏன், பத்து வயது மகன்கூட என்னைக் கேட்டாச்சு!

இரண்டும் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டவை. நம் மதுரையில் வாழ்ந்து 2024-ல் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' 1997-ல் சன் டி.வி.யில் வந்தது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் அப்பத்தா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வேன். பயம் தெளிய, தன் டம்ளரிலிருந்து இரண்டு வாய் காபி கொடுப்பாங்க. அதுவும் இரண்டாம் டிகாஷன்தான். முதல் டிகாஷன் ஆம்பளைகளுக்கு. அம்மாவும் வாய் திறந்து கேட்டதில்லை.

2005-ல் 'சந்திரமுகி' பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அடக்கமான கங்கா கண்ணை உருட்டிக் கணவனையே அதட்டுகிறாள், கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். தியேட்டரே கை தட்டியது. அதே குரலில் வீட்டில் ஒரு மருமகள் பேசட்டும் பார்ப்போம்! பொம்பளை கோபப்படணும்னா பேய்தான் பிடிக்கணுமா?

எனக்குப் பேய் பிடிக்க வேண்டாம். தனியா ஒரு சின்ன ஃபில்டர் வாங்கிட்டேன். "இதை யாரும் தொடாதீங்க" என்று சாதாரணக் குரலிலேயே சொன்னேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வாரம் எல்லாரும் படுத்தபின் 'யாவரும் நலம்' பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவா பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், "எனக்கும் அரை டம்ளர் ஊத்தும்மா, சீனி கம்மியா" என்றார்.

- ஒரு வாசகி, வண்டியூர்.