ஒரு கிளி வந்தது, வீடே கிளி வீடானது



"கிளி வீட்டு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு மாதத்தில் இரண்டு பேராவது எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கையில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் துணி போட்டு மூடிய கூண்டு. எனக்கென்று ஒரு பெயர் இருப்பதே தெருவில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. "எப்படிம்மா இதை ஆரம்பிச்சீங்க?" என்று கேட்காதவர் இல்லை. நான் எங்கே ஆரம்பித்தேன்? அது தானாக ஆரம்பித்துக்கொண்டது. ஆனால் முதல் கிளி விஷயத்தில் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தத் தடவை பேனாவை எடுத்தேன்.

2019 பிப்ரவரி மாதம். பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்காகப் பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டினார்கள். மொட்டை மரம்தானே என்று யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கிளிக்கோ அப்படிப்பட்ட மரம்தான் வேண்டும். குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகிற வழக்கம் அதற்கு இல்லை. பொந்து கிடைத்தால்தான் முட்டை வைக்கும். தை, மாசி, பங்குனிதான் நம் பக்கத்துக் கிளிகளுக்குப் பேறுகாலம். மரம் சாய்ந்ததும் பொந்திலிருந்து மூன்று குஞ்சுகள் உருண்டு வந்தன. உடம்பில் சிறகு இல்லை, கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. மேலே தாயும் தகப்பனும் கத்திக்கொண்டே வட்டமிட்டதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

"அக்கா, நீங்க வேணா எடுத்துட்டுப் போங்க" என்றார் மரம் வெட்டியவர். முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தேன். பசிக்குமே என்று பாலில் ரஸ்க்கை ஊறவைத்து ஊட்டினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் இரண்டு செத்துப்போயின. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"குளிர்ல செத்திருக்கும்மா" என்றார் அவர். "சிறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கத் தெரியாது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதை ஊட்டினாலும் செரிக்காது. முதல்ல சூடு, அப்புறம்தான் சாப்பாடு. பால் பறவைக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது." பிரசவித்த வீட்டில் பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைக்கத் தெரிந்த எனக்கு, குஞ்சுக்கும் அதேதான் என்று தோன்றவில்லையே!

மூன்றாவது பிழைத்தது. அவ்வளவுதான், வீடே அதன் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. "ரிடையர் ஆனப்புறம் எனக்கு ஒரு பேத்தி" என்றார் எங்க வீட்டுக்காரர். மாமியார் கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு "கண்ணு, கண்ணு" என்று கொஞ்சுவார். ஐந்தாறு மாதத்தில் அதுவே "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தது. தெருவே வந்து கேட்டுவிட்டுப் போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றாகப் பறக்கவும் செய்தது. "விட்டுடலாமே" என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்புக்கு அன்பாகப் பேசுகிறது என்றுதான் நினைத்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு வனத்துறைக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. "1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம் அம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளி பறந்துபோய் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. "பார்த்தீங்களா? என்னை இது முன்னே பின்னே பார்த்ததில்லை. பயமே இல்லாம வந்து உட்காருது. வெளியே விட்டா நாளைக்குப் பிடிச்சு விக்கிறவன் தோள்லயும் உட்காரும். மனுஷங்கதான் தன் இனம்னு நினைச்சிருக்கு. இனிமே இதைக் காட்டில் விட முடியாதும்மா."

அந்தக் கிளி ஒரு பறவைக் கூடத்துக்குப் போயிற்று. வாழ்நாள் முழுவதும் கம்பிவலைக்குள்தான். பராமரிப்பில் இருபது முப்பது வருடம்கூட உயிரோடு இருக்கிற இனம் இது. மாமியார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என் ஆசைக்கு அதைப் பேச வைத்தேன். அதற்காக அது வானத்தை இழந்தது.

அதற்குப் பிறகுதான் நான் "கிளி வீட்டு அம்மா" ஆனேன். வனத்துறைக்கும் மருத்துவருக்கும் ஃபோன் செய்யத் தெரிந்தவள் தெருவில் நான் ஒருத்திதானே! ஒருநாள் விடியற்காலை கோலம் போடக் கதவைத் திறந்தால் படியில் ஒரு கூண்டு. "பையனுக்கு மூச்சுத் திணறல், வளர்க்க முடியவில்லை" என்று சீட்டு. உள்ளே இரண்டு காக்கட்டீல், கொண்டை வைத்த ஆஸ்திரேலியக் கிளிகள். மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் ஐந்து லவ் பேர்ட்ஸைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. இவை வெளிநாட்டு இனங்கள். நம் ஊரில் பறக்கவிட்டால் பிழைக்காது. அதனால் எங்களோடுதான் இருக்கின்றன. (பஞ்சவர்ணக்கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிப்படி அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.) ஆனால் பச்சைக்கிளி வந்தால், வந்த அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன். அவர்கள் வரும்வரை இருட்டும் கதகதப்பும் கொடுப்பதோடு சரி. கொஞ்சுவதில்லை, பெயர் வைப்பதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை. மாமியாருக்கும் இதுதான் உத்தரவு!

2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளி ஜோசியரை வனத்துறை பிடித்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பெரியவர் சின்ன மரக்கூண்டோடு வந்தார். "பதினோரு வருஷம் இது எனக்குச் சோறு போட்டுச்சும்மா. நானாக் கொடுத்துடறேன். வெட்டின இறக்கை இனிமே வளருமா?" என்று கேட்டார். வெட்டிய சிறகு அப்படியேதான் இருக்கும். பழைய சிறகு உதிர்ந்து புதுச் சிறகு முளைக்கும்போது வளரும், ஒரு வருடம்கூட ஆகலாம் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "பறந்துடுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வனத்துறை வண்டி வரும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தானே செய்தேன்?

கிளி மேல் ஆசை வைப்பதே தப்பா என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுது பார்த்துவந்த ஜோசப் சேகர் என்பவர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் மாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு அரிசி வைத்தார். அந்த இரண்டு நாளடைவில் ஆயிரக்கணக்கில் ஆயின. வருடக்கணக்காகத் தன் சம்பாத்தியத்தில் பெரும் பங்கை அரிசிக்கே செலவழித்தார். ஒரு கூண்டுகூட வைக்கவில்லை. வந்தன, சாப்பிட்டன, பறந்தன.

கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கிளியின் காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் கிளிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் இருக்கும். மருந்தில் குணமாகிவிடும். ஆனால் "வீட்டில் பறவை இருக்கிறது" என்று நாம் சொன்னால்தான் டாக்டருக்குச் சந்தேகம் வரும். கர்ப்பிணிகள் கூண்டைச் சுத்தம் செய்யவே வேண்டாம். நானும் எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை. தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தெடுக்கிறேன்.

அனுபவத்தில் கற்றுக்கொண்ட இன்னும் சில:

1. பொந்திலிருந்து குஞ்சு விழுந்து, மரம் நின்றுகொண்டிருந்தால், திரும்பப் பொந்திலேயே வைத்துவிடப் பாருங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

2. மரமே போய்விட்டால், அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பால் வேண்டாம், அலகில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

3. வளர்ப்புக் கிளிக்கு வெறும் தானியம் போதாது. வைட்டமின் ஏ குறைந்து நோய் வரும். முருங்கைக்கீரை, கேரட், கொய்யா கொடுங்கள். சாக்லெட், காப்பி, வெண்ணெய்ப்பழம் விஷம்.

4. சமையலறையில் கூண்டு வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை சில நிமிஷங்களில் கிளியைக் கொன்றுவிடும்.

5. பட்டுப்போன மரத்தை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். குஞ்சு இருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் பறந்துவிடும்.

போன மாசியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மொட்டைத் தென்னையை வெட்ட ஆள் வந்தபோது, பொந்தில் குஞ்சு கத்துவதைக் கேட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சித்திரை பிறப்பதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன, பிறகு மரத்தை வெட்டினார். அந்தக் குஞ்சுகளை நான் தொட்டதுகூட இல்லை. சாயங்காலத்தில் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு மேலே போகும்போது, "அதுல நம்மது எதுடி?" என்று மாமியார் கேட்கிறார். "எதுவுமே நம்மது இல்லை அத்தை" என்கிறேன். அவருக்கும் இப்போது அது பழகிவிட்டது.