போசனப்பிரியம் சிரிப்புக்குரிய பாவமா?

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பிக்கச் சொன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம் என்று சொல்லும்வரை வகுப்பு அமைதியாக இருக்கும். "போசனப்பிரியம்" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு எழும். யாராவது ஒருத்தி, சற்றுப் பருமனான தோழியைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதன்பின் வரும் காய்மகாரமும் சோம்பலும் யார் காதிலும் விழுவதில்லை.

நானும் சிரித்தவள்தான். கோபம் கொலை வரைக்கும் கொண்டுபோகும். உலோபித்தனம் களவுக்குக் கொண்டுபோகும். இரண்டு லட்டு அதிகமாகத் தின்பதுமா அவற்றோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்? இதுதான் என் சந்தேகம்.

இந்தப் பட்டியல் நேற்று உண்டானதன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவம் செய்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, மனிதனை அலைக்கழிக்கும் தீய எண்ணங்கள் எட்டு என்று எழுதினார். அவற்றுள் முதலாவதாக அவர் வைத்தது போசனப்பிரியத்தையே! 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார் அவற்றை ஏழாக வகுத்தார். 13-ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார், கிரகோரியாரைப் பின்பற்றி, இந்தப் பாவம் ஐந்து வகைப்படும் என்று விளக்கினார். வேளைக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்த உணவையே தேடுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவலாக அள்ளி விழுங்குவது, பக்குவத்தில் ஓயாமல் குறை காண்பது ஆகியவையே அந்த ஐந்தும். அளவு என்பது ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். விடுதியில் உப்புமாவைக் கண்டு முகம் சுளிக்கும் ஒல்லியான பெண்ணும் இந்தப் பட்டியலில் அகப்பட்டுக்கொள்கிறாள். நான் ஒல்லியானவள்!

நம் தமிழ்ச் சான்றோரும் இதைச் சொல்லாமல் விடவில்லை. ஔவையார் ஆத்திசூடியில் மிகுதியாக உண்பதைக் கண்டிக்கிறார். திருவள்ளுவர் அளவறிந்து உண்பதைப் பற்றி 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். முன் உண்டது செரித்ததை அறிந்து உண்டால் மருந்தே வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. இங்கேதான் என் சந்தேகம் வலுத்தது. அதிகம் தின்றால் என் வயிறுதானே கெடும்? அதற்கு வைத்தியர் போதாதா? பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் எதற்காகப் போக வேண்டும்?

இதற்கு விடை எனக்கு மணிமேகலையில் கிடைத்தது. காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண் தன் கணவனுடன் பொதிய மலைப் பக்கம் வருகிறாள். அங்கே விருச்சிகன் என்னும் முனிவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனியும் ஒரே ஒரு நாவற்கனியை உண்பதற்காக ஆற்றங்கரையில் வைத்துவிட்டு நீராடப் போகிறார். செருக்கோடு நடந்து வந்த காயசண்டிகை அந்தக் கனியைக் காலால் மிதித்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் தீராப் பசியால் வருந்துமாறு முனிவர் சபிக்கிறார். 'யானைத்தீ' என்னும் அந்தப் பசி, எவ்வளவு உண்டாலும் அடங்காதது. பிறகு காவிரிப்பூம்பட்டினத்தில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு பிடி உணவில் அது அடங்குகிறது.

தோழியரே, இந்தக் கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காயசண்டிகைக்கு அந்த நோய் அதிகம் தின்றதால் வரவில்லை. இன்னொருவருடைய உணவைப் பாராமல் மிதித்ததால் வந்தது. அது தீர்ந்ததும் வயிறு நிறையத் தின்றதால் அன்று. அன்போடு ஒருத்தி கொடுத்ததால். சாத்தனார் பௌத்தர். ஆனாலும் அவர் சொன்னது எங்கள் மறைக்கல்விப் புத்தகத்துக்கு உரை எழுதியது போல் இருக்கிறது.

விவிலியத்திலும் இதையே காண்கிறேன். லூக்காஸ் நற்செய்தியில் வரும் செல்வந்தன் தினமும் விருந்துண்டான். அவன் திருடியதாகச் சொல்லப்படவில்லை. வாசலில் கிடந்த லாசரை அடித்து விரட்டியதாகவும் சொல்லப்படவில்லை. இருந்தும் நரகத்திற்குப் போனான். அங்கிருந்துகொண்டு, லாசரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் பெயர் சொல்லிக் கேட்கிறான். அப்படியானால் லாசரின் பெயர் அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது! தெரிந்தும் பாராமல் உண்டானே, அதுதான் அவன் பாவம்.

ஏசா ஒரு கலயம் கூழுக்காகத் தலைச்சன் உரிமையை விற்றான் என்று அவனையே எல்லாரும் குறை கூறுகிறோம். பசித்து வந்த அண்ணனுக்குக் கூழ் ஊற்றாமல் விலை பேசிய யாக்கோபுவை யாரும் ஏன் கேட்பதில்லை? அவசரப்பட்டு உண்டவன் ஒரு பிழை செய்தான் என்றால், பூட்டி வைத்தவனும் ஒரு பிழை செய்தவன்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

பூட்டி வைப்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. சென்ற ஆண்டு தவக்காலத்தில் நாற்பது நாளும் இனிப்பே தொடுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் அப்பா ஒரு தகர டின் நிறைய அதிரசம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி பிடித்தேன். ஒவ்வொரு நாளையும் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது விடுதியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு அறையில் மூன்று முறை சோறு கேட்பாள். 'சோற்று மூட்டை' என்று அவளுக்குப் பெயர் வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தவளே நான்தான்.

தேர்வு நெருங்கிவிட்டதால் பாஸ்காவுக்கு ஊருக்குப் போகவில்லை. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடிவந்து பெட்டியைத் திறந்தேன். அதிரசம் முழுவதும் பூசணம் பூத்துக் கிடந்தது. அழுகை வந்தது. குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போகும்போது அந்தப் பெண் எதிரே வந்தாள். டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "மேல பூத்ததத் தட்டிட்டு வெயில்ல காய வெச்சா சாப்பிடலாம்க்கா, கொட்டாதீங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னாள்.

நாற்பது நாள் நான் இனிப்பைத் தொடவில்லை, உண்மை. ஆனால் அந்த நாற்பது நாளும் அந்த டின்னைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. என் பக்கத்து வரிசையில் பசியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செல்வந்தனுக்காவது லாசரின் பெயர் தெரிந்திருந்தது. எனக்கோ நான் வைத்த பட்டப்பெயர் மட்டுமே தெரிந்திருந்தது. போசனப்பிரியம், உலோபித்தனம், அகங்காரம் ஆகிய மூன்றையும் ஒரே டின்னில் பூட்டி வைத்துக்கொண்டு, தவம் செய்கிறேன் என்று மகிழ்ந்திருந்தேன்!

அன்றாட வாழ்வில் இந்தப் பாவம் எங்கும் நடக்கிறது. கலியாணப் பந்தியில் தொடாத இனிப்போடு இலையை மூடி எழுகிறோம். வீட்டில் எல்லாரும் உண்டபின் பானையின் அடியில் மிஞ்சியதை அம்மா வழித்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்தும் பாராமல் கை கழுவுகிறோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வீடுகளிலேயே வீணானது. உணவகங்களையும் பணக்காரர்களையும் மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆகவே, பசி பாவமன்று. பருமனாக இருப்பதும் பாவமன்று. ருசித்து உண்பதும் பாவமன்று. கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவரே விருந்துண்டார் அல்லவா? பக்கத்து இலையைப் பாராமல் உண்பதும், பக்கத்து இலை காலியாக இருக்கும்போது பூட்டி வைப்பதுமே பாவம் என்பது என் முடிவு.

போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியத்தை நம் முன்னோர் 'மட்டசனம்' என்றனர். மட்டாக உண்பது என்று பொருள். மட்டாக உண்டு மிச்சத்தைப் பூட்டினால் அது மட்டசனம் ஆகாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தோழியரே, வருகிற தவக்காலத்தில் எதை விடலாம் என்று யோசிக்கும்போது, விடுவதை யாருக்குக் கொடுக்கலாம் என்றும் சேர்த்தே யோசிப்போம். மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாவது பாவத்தின் பெயர் வரும்போது, யாரையும் திரும்பிப் பார்க்காமல் இருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி